மெரூன் சீட் கவர்

கடலூர் முதுநகர்,
2.1.2026

மரியாதைக்குரிய அமீருன்னிசா லாத்தா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரூமானாவின் தாய்மாமன் ஷாகிர் எழுதுகிறேன். நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. உங்கள் தாடையை உடைத்த வண்டியை ஓட்டியவன் நலம் விசாரித்தால் கேலி மாதிரி இருக்கும். அதனால் விட்டுவிடுகிறேன்.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், போனில் பேச முடியாது என்று அக்கா நஸீமா சொன்னாள். நேரில் பார்க்கலாம் என்று போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பஸ் ஏறினேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆப்பிள் வாங்கினேன். பையைக் கையில் வாங்கிய பிறகுதான் உங்களால் எதையும் மெல்ல முடியாதே என்பது உறைத்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு அடுத்த கடலூர் பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து, நீங்கள் தூங்குவதாகச் சொன்னார்கள் என்று அக்காவிடம் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமையை நினைக்காத நேரமில்லை. பாண்டிச்சேரியில் நிக்காஹ் ஜவுளி எடுத்துவிட்டு உங்களை வீட்டில் விட வந்துகொண்டிருந்தோம். நன்றாக இருட்டிவிட்டது. புதுச்சத்திரம் தாண்டியதும் முன்னால் போன கரும்பு டிராக்டருக்குப் பின்விளக்கு இல்லை. பார்த்த உடனே பிரேக்கை மிதித்தேன். அப்படியும் போய் இடித்துவிட்டது. முன் சீட்டில் பெல்ட் போட்டிருந்த எனக்கும் மச்சான் இஸ்மாயிலுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் அக்காவின் மடியில் பெரிய ஜவுளிப் பை இருந்தது. நெற்றி வீக்கத்தோடு அவள் தப்பினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களுக்குத்தான் தாடையும் இடது மணிக்கட்டும் போயின.

பெல்ட் விஷயத்தை நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை அசாருதீன் தம்பி ஓடி வந்து கேட்டபோது பதற்றத்தில் ஏதோ சொன்னேன். நீங்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிப்ரவரி எட்டாம் தேதி நிக்காஹ் என்று மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. நோன்புக்கு முன்னால் வேறு நாள் இல்லை. உங்கள் அண்ணன்மார் கல்யாணத்தை நடத்துவதா வேண்டாமா என்று யோசிப்பதாக மச்சான் சொன்னதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் பிள்ளை ரூமானாவுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, லாத்தா.

துஆ செய்யுங்கள்.
ஷாகிர்


சிதம்பரம்,
6.1.2026

தம்பி ஷாகிருக்கு,

வஅலைக்கும் ஸலாம். ஆப்பிளை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லையே.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். டிராக்டருக்கு விளக்கு இல்லை, ரோட்டில் வெளிச்சம் இல்லை, ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பதற்றம். பாவம், எல்லாம் உங்களுக்கே நடந்திருக்கிறது.

நான் கஞ்சித் தண்ணீரிலும் ஜூஸிலும் காலம் தள்ளுகிறேன். பல்லோடு பல்லைச் சேர்த்துக் கட்டியிருப்பதால் ஸ்ட்ராவைக் கடைவாய் ஓரமாகச் செருகி உறிஞ்ச வேண்டும். சட்டையெல்லாம் வழிகிறது. ஐம்பத்தெட்டு வயதில் கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரிய அழகு. பார்க்க வருகிறவர்களிடம் தலையை ஆட்டுவதைத் தவிர என்னால் எதுவும் முடியாது. அதனால் எல்லோரும் என்னிடம் மிகவும் தைரியமாகப் பேசுகிறார்கள்.

அதிகம் பேசுகிறவன் என் மகன்தான். அன்று ஸ்ட்ரெச்சரில் கிடந்த எனக்குக் காது நன்றாகக் கேட்டது, தம்பி. அசார், "அம்மா பெல்ட் போடலியா மாமா?" என்று கேட்டான். நீங்கள், "நான் சொன்னேன் தம்பி, அவுங்கதான் வேணாம்னுட்டாங்க" என்றீர்கள். ஏதோ சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஏதோ இதுதான்.

அன்றிலிருந்து ஒவ்வொருவரும் வந்து என்னைக் கண்டித்துவிட்டுப் போகிறார்கள். அசார் என் அண்ணன்மார் முன்னாலேயே சொன்னான்: "ஷார்ஜாவுல என்னைய பெல்ட் போட வச்சதே நீங்கதானம்மா. இங்க வந்து ஒங்களுக்கு மட்டும் வேணாமா?" அவன் வேலைக்குப் போகிற அவசரத்திலும் கடலூர் ஒர்க் ஷாப்புக்குப் போய், உங்கள் வண்டியில் விழுந்து கிடந்த என் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து கொடுத்தான். நல்ல பிள்ளை. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பெல்ட் போடச் சொன்னதாகச் சொன்னீர்களே, எந்த இடத்தில் சொன்னீர்கள்? எனக்கு நினைவில்லை. தலையில் அடிபட்டதால் மறந்திருக்கும் என்கிறார் என் பெரியண்ணன்.

அமீருன்னிசா


கடலூர் முதுநகர்,
10.1.2026

லாத்தா அவர்களுக்கு,

ஸலாம். ஆப்பிளை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

நான் சொல்லவில்லை. எந்த இடத்திலும் சொல்லவில்லை. இதை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். பதினோரு வருஷம் ஷார்ஜாவில் கம்பெனி வண்டி ஓட்டினேன். நீங்களும் அந்த ஊரில் எட்டு வருஷம் இருந்தவர்கள், உங்களுக்குத் தெரியும். அங்கே பின் சீட்டில் ஒருவர் பெல்ட் போடாவிட்டாலும் நானூறு திர்ஹம் அபராதம், லைசென்ஸில் நாலு கரும்புள்ளி. ஒருமுறை முதலாளியின் மாமனாரை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்தேன். பெரிய மனுஷர், சென்ட் வாசனையோடு பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "பெல்ட் ப்ளீஸ் சார்" என்றேன். அவர் போட்டுக்கொண்டு "ஷுக்ரன்" என்று நன்றி சொன்னார். அவ்வளவுதான். சொல்ல எனக்குக் கூச்சமே வரவில்லை.

ஊர் திரும்பிய புதிதில் இங்கேயும் எல்லோரையும் போடச் சொன்னேன். சட்டம் இங்கேயும் அதேதான், பின் சீட்டுக்கும் சேர்த்துத்தான். ஆனால் என்னை நிறுத்திய யாரும் பின்னால் எட்டிப் பார்த்ததில்லை. வீட்டில், "ஷார்ஜா போலீஸ் வந்துட்டாருடா, கட்டிக்கங்க" என்று சிரித்தார்கள். அடுத்த மாதம் நானே சொல்வதை விட்டுவிட்டேன்.

அன்றைய கதையைக் கேளுங்கள். சிதம்பரத்திலிருந்து கிளம்பும்போது நானும் மச்சானும் பெல்ட் போடவில்லை. கடலூர் நெருங்கும்போதுதான் மாட்டினோம், மஞ்சக்குப்பத்தில் போலீஸ் நிற்கும் என்று. முள்ளோடை எல்லை தாண்டினால் பாண்டிச்சேரி, அங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. மச்சான், "இனிமே நம்ம ராஜ்யம், கழட்டுங்க மாப்ளே" என்றார். இரண்டு பேரும் கழற்றினோம். நீங்களும் சிரித்தீர்கள். திரும்பும்போது எல்லையில் மறுபடி மாட்டினோம். கடலூர் தாண்டியதும் கழற்றுவது வழக்கம். ஆலப்பாக்கம் பக்கத்தில் எதிரே வந்த லாரிக்காரன் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டான். முன்னால் செக்கிங் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதனால் கழற்றாமல் வந்தோம். ஆலப்பாக்கத்தில் போலீஸ் யாரும் இல்லை. கொஞ்ச தூரத்தில் அந்த டிராக்டர் இருந்தது.

அங்கே இல்லாத ஒரு போலீஸுக்குப் பயந்துதான் நாங்கள் இரண்டு பேரும் பிழைத்திருக்கிறோம். ஷார்ஜாவில் நான் ஒழுங்கான டிரைவர் என்று பேர் வாங்கியவன். வெறும் பயந்தவன் என்பது இப்போதுதான் எனக்கே தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் அந்த சீட் கவர். சம்பந்தியம்மா முதல் தடவையாக நம் வண்டியில் ஏறப் போகிறார்கள், பழைய சீட் அசிங்கமாக இருக்கிறது என்று அக்கா சொன்னாள். மெரூன் கலரில் வெல்வெட் கவர் வாங்கி நானே மாட்டினேன். பின் சீட்டில் பெல்ட்டைச் செருகுகிற பக்கிள் துருத்திக்கொண்டு நின்றது. உங்களுக்கு இடுப்பில் குத்துமே என்று அதைக் கவருக்கு அடியில் தள்ளி, மேலே இழுத்துக் கட்டிவிட்டேன். மரியாதைக்காகச் செய்தேன், லாத்தா. நீங்கள் பெல்ட் போட நினைப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஷாகிர்


சிதம்பரம்,
15.1.2026

தம்பி ஷாகிருக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தில் கடைசி வரியைத் தவிர மற்றதையெல்லாம் நம்புகிறேன்.

கவர் நன்றாகத்தான் இருந்தது. ஏறியதும் கையால் தடவிப் பார்த்தேன். எனக்காக வாங்கியது என்று தெரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பிறகு தோளுக்கு மேல் கையைக் கொண்டுபோய் பெல்ட்டை இழுத்தேன். ஷார்ஜா விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் காரில் உட்கார்ந்தால் என் கை தானாக அங்கே போகிறது. என் வீட்டுக்காரர், அசாரின் அத்தா, உயிரோடு இருந்தவரை, "மாட்டிட்டியா?" என்று கேட்காமல் சாவியைத் திருப்ப மாட்டார்.

பெல்ட்டை மடிவரை இழுத்து, அதைச் செருகும் இடத்தைத் தேடினேன். விரலுக்குத் துணிதான் கிடைத்தது. துணிக்கு அடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அப்போது நிமிர்ந்து பார்த்தேன், தம்பி. முன்னால் இருக்கிற கண்ணாடியில் உங்கள் கண் இருந்தது. நீங்கள் என்னையும் பார்த்தீர்கள், என் கையில் இருந்த பெல்ட்டையும் பார்த்தீர்கள். பிறகு ரோட்டைப் பார்த்தீர்கள். நான் பெல்ட்டை விட்டேன். அது சர்ரென்று உள்ளே ஓடியது.

தோன்றவே இல்லை என்று எழுதுகிறீர்கள்.

நானும் வாய் திறக்கவில்லை. அதைச் சொல்லாமல் உங்களை மட்டும் கேள்வி கேட்டால் அல்லாஹ் என்னை விட மாட்டான். போன வருஷம் பெரியண்ணன் காரில் பின்னால் உட்கார்ந்து பெல்ட் போட்டேன். அவர் பிள்ளைகள், "அத்தை பிளேன்ல வர்றாங்க" என்று வழி நெடுகச் சிரித்தார்கள். அது மனதில் இருந்தது. பெண் வீட்டுக்காரர் வண்டியில் முதல் தடவை ஏறிவிட்டு, பெல்ட் எங்கே என்று கேட்டால் உங்கள் ஓட்டுதலை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? புதுக் கவரைக் கழற்றச் சொன்னால் நஸீமாவின் முகம் என்ன ஆகும்? இதையெல்லாம் யோசித்து நாகரிகமாக உட்கார்ந்துகொண்டேன். கேட்க வெட்கப்பட்ட வாயைத்தான் இப்போது கம்பி போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

நேற்று ரூமானா வந்தாள். என் தலையைச் சீவிப் பின்னிவிட்டாள். கஞ்சியை வடிகட்டி ஆற்றிக் கொடுத்தாள். வாயைத் துடைத்துவிடும்போது சொன்னாள்: "எங்க மாமா வண்டி விஷயத்துல எவ்ளோ ஸ்ட்ரிக்ட்டு தெரியுமா மாமி? அவுங்க சொல்லியும் நீங்க கேக்கலியே." அன்போடுதான் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். அவள் போன பிறகு அழுதேன். தாடை கட்டியிருக்கும்போது அழுவது மிகவும் கஷ்டம், மூக்கு அடைத்தால் மூச்சு விட முடியாது. அதனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டேன்.

என் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவள் என்னை அசட்டுப் பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டு வருகிறாள். என் மகன் அப்படி நினைத்துக்கொண்டுதான் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான். எலும்பு கூடிவிடும், தம்பி. இது கூடுமா என்று தெரியவில்லை.

நீங்கள் கண்ணாடியில் பார்த்தீர்களா, இல்லையா?

அமீருன்னிசா


கடலூர் முதுநகர்,
19.1.2026

லாத்தா அவர்களுக்கு,

பார்த்தேன்.

நீங்கள் பெல்ட்டை இழுக்கிற சத்தம் கேட்டுத்தான் கண்ணாடியைப் பார்த்தேன். ஷார்ஜாவில் இருந்தவர்கள் அல்லவா, போடத்தான் செய்வார்கள் என்று நினைத்தேன். அடுத்த நொடி பக்கிள் எங்கே இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. கிளம்பிய வண்டியை நிறுத்தி, உங்களை இறங்கச் சொல்லி, கவரின் கயிற்றை அவிழ்த்து, அடியில் கையை விட்டு எடுக்க வேண்டும். உங்கள் வீட்டு வாசலில், உங்கள் பெரியண்ணன் கையாட்டிக்கொண்டு நிற்கும்போது. இவ்வளவு வருஷம் வெளிநாட்டில் வண்டி ஓட்டியவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைப்பாரே என்று கூசினேன். ஒரு நிமிஷ வேலை. அதற்கு மேல் ஆகியிருக்காது.

நீங்கள் பெல்ட்டை விட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அப்பாடா, விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அசார் தம்பி கேட்டபோது வாயில் அந்தப் பொய் தானாக வந்தது. நீங்கள் எதிர்த்துப் பேச முடியாது என்பது அப்போதே என் மனதில் இருந்திருக்கும். இல்லாவிட்டால் அவ்வளவு தைரியம் வந்திருக்காது. வண்டியில் கூட இருந்த அக்காவும் மச்சானும் அதை மறுக்கவில்லை.

எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன், லாத்தா. ஆனால் பயமாக இருக்கிறது. தப்பு உங்கள் பேரில் இருப்பதால்தான் உங்கள் அண்ணன்மார் இன்னும் வாயை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று மச்சான் சொல்கிறார். உண்மை தெரிந்தால் நிச்சயத்தை முறித்துவிடுவார்கள். ரூமானாவுக்கு ஏற்கனவே ஒரு இடம் பேசி நின்று போயிருக்கிறது, உங்களுக்குத் தெரியும். என் வாயால் இன்னொன்றும் நின்றால் அக்கா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

ஷாகிர்


சிதம்பரம்,
22.1.2026

தம்பி ஷாகிருக்கு,

ஸலாம். பார்த்தேன் என்ற அந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டுக் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். மீதியைச் சாயங்காலம்தான் படித்தேன். இத்தனை நாளில் அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

ரூமானாவின் கல்யாணத்தை முறிக்க நான் சம்மதிக்க மாட்டேன். நீங்கள் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். என் அண்ணன்மாரிடமும் நீங்கள் போக வேண்டாம். அவர்கள் கோபம் எனக்குத் தெரியும், அது முதலில் வந்துவிடும், யோசனை மெதுவாக வரும்.

அசாரிடம் மட்டும் சொல்லுங்கள். நான் எழுதிக் காட்டலாம். ஆனால் பொய்யை அவன் உங்கள் வாயால் கேட்டான், உண்மையையும் உங்கள் வாயால்தான் கேட்க வேண்டும். அவன் கோபித்து, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அப்போது நான் இருக்கிறேன். என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இருக்கிறேன்.

என்னை அசட்டுப் பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டு அவன் மாலை போட்டுக்கொள்ளக் கூடாது.

அமீருன்னிசா


கடலூர் முதுநகர்,
27.1.2026

லாத்தா அவர்களுக்கு,

ஸலாம். ஞாயிற்றுக்கிழமை அசார் தம்பியைப் பார்த்தேன். வீட்டுக்கு வர எனக்கு முகமில்லை, பி.முட்லூர் வரச் சொன்னேன். பைபாஸ் ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ வருகிறவரைக்கூடக் காத்திருக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கவர், கண்ணாடி, ஆஸ்பத்திரி, எல்லாம்.

தம்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி இருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

"தெரியும் மாமா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அம்மா கண்ணாடிய தேடிக்கிட்டு ஒங்க வண்டிய பாக்கப் போனேன்ல. சீட்டு இடுக்குல கைய வுட்டேன். கவருக்கு உள்ளார பக்கிள் தட்டுப்பட்டுச்சு. எவ்ளோ இழுத்தும் வெளில வரல. அப்பவே தெரிஞ்சிபோச்சி, நீங்க சொன்னது பொய்யின்னு."

"அப்பறம் ஏம்ப்பா என்னைய கேக்கல?"

"கேட்டா? பெரிய மாமா அன்னிக்கே நிச்சயத்த முறிச்சிருப்பாரு. அப்பறம் ரூமானாவ நான் எப்புடி போயி கேக்குறது? தப்பு அம்மா மேல இருந்தா யாரும் சண்டைக்கி வர மாட்டாங்க. அவுங்களாலயும் பேச முடியாது."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார்: "பெரிய மாமா முன்னாடி நான்தான் அவுங்கள ஜாஸ்தி திட்டுனேன். அப்பதான் நம்புவாங்கன்னு. அம்மா என்னைய பாத்துக்கிட்டே இருந்தாங்க."

டீயைக் குடிக்காமலே எழுந்தோம்.

இதை உங்களிடம் சொல்லலாமா கூடாதா என்று இரண்டு நாள் தவித்தேன். சொல்லாவிட்டால் மறுபடி கண்ணாடியில் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்த கதையாகிவிடும். ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன், நீங்கள் என்னை வெறுத்தாலும் சரி. அவருக்கும் தெரியும் என்று கேட்டதும் என் பாரம் பாதி இறங்கிய மாதிரி இருந்தது. உங்கள் பிள்ளையின் தப்பில் எனக்கு ஆறுதல் கிடைத்தது. பஸ்ஸில் வரும்போது அதை நினைத்து நினைத்து அருவருத்தேன்.

ரூமானாவிடமும் நேற்றுச் சொன்னேன். நீங்கள் சொல்லச் சொல்லவில்லை, ஆனாலும் சொன்னேன். "மாமிகிட்ட நான் என்னா பேசிட்டு வந்தேன்னு தெரியுமா மாமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு வைத்த சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்னும் என்னோடு பேசவில்லை.

வண்டி ஒர்க் ஷாப்பிலிருந்து வந்துவிட்டது. கவரைக் கழற்றிவிட்டேன். அடியில் இரண்டு பக்கிளும் புதுசு மாதிரி இருக்கின்றன. யாரும் தொட்டதே இல்லை.

ஷாகிர்


சிதம்பரம்,
31.1.2026

தம்பி ஷாகிருக்கு,

ஸலாம். வியாழக்கிழமை கம்பியை எடுத்துவிட்டார்கள். வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. இருந்தாலும் பேச்சு வருகிறது. போன் செய்திருக்கலாம். எழுத்தில் தொடங்கியதை எழுத்திலேயே முடிக்கலாம் என்று எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. படித்ததும் உங்கள் மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது. இதை ஏன் எனக்குச் சொன்னீர்கள் என்று. பிறகு அந்த ஆத்திரம் போய்விட்டது. அசார் வேலையிலிருந்து வந்து சாப்பிட்ட பிறகு கடிதத்தை அவன் முன்னால் வைத்தேன். படித்தான். என் காலடியில் உட்கார்ந்து மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான், சின்ன வயதில் செய்கிற மாதிரி. எனக்கு அவனைத் தொடக் கை போகவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் தலையில் கை வைத்தேன்.

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். யாருடைய மனமும் கோணக் கூடாது, சபையில் சத்தம் வரக் கூடாது, வலித்தாலும் சிரித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்தவள் நான். அவன் அதைத்தான் செய்தான். வலி மட்டும் என்னுடையது.

மறுநாள் கம்பி எடுத்து வீட்டுக்கு வந்ததும் என் அண்ணன்மார் இரண்டு பேரையும் வரச் சொன்னேன். திறந்த வாயால் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். "நான் பெல்ட்டு வேணாம்னு சொல்லல. போடத்தான் தேடுனேன். கெடைக்கல. கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு சும்மா இருந்துட்டேன்" என்றேன். பெரியண்ணன் எழுந்துவிட்டார். "பொய் சொல்ற வூட்டுலயா பொண்ணு எடுக்கணும்?" என்றார். நான், "உக்காருண்ணே. நம்ம வூட்லயும் பொய்தான் ஓடிச்சி, ஒங்க எதிர்லயே" என்றேன். அசார் எழுந்து நின்று, தனக்குத் தெரிந்திருந்ததை அவனே சொன்னான். மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அண்ணனுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டார். நேற்று ஜும்மா முடிந்து வந்தவர், "மண்டபத்துக்கு எத்தன மணிக்கி கெளம்பணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவரால் முடியும்.

ரூமானா நேற்றுச் சாயங்காலம் வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் பேசினேன். உங்களோடு பேசச் சொல்லியிருக்கிறேன். பேசுவாள், கொஞ்சம் பொறுங்கள்.

நிக்காஹ் எட்டாம் தேதியே நடக்கட்டும். என் பங்குக்கு ஒன்று கேட்பேன்.

அன்று மாப்பிள்ளை வீட்டார் கடலூர் வர வேன் பேசியிருக்கிறோம். நான் வேனில் வரவில்லை. உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு நீங்களே காலையில் என் வீட்டு வாசலுக்கு வாருங்கள். அதே பின் சீட்டில், அதே பக்கம் உட்காருவேன். அசார் மாலையோடு என் பக்கத்தில் உட்காருவான். கவர் வேண்டாம், பழைய சீட்டே போதும். வாசலில் என் அண்ணன்மார் நிற்பார்கள், அவர்கள் பிள்ளைகள் நிற்பார்கள், தெருவில் பாதிப் பேர் நிற்பார்கள். சிதம்பரத்தில் போலீஸ் யாரும் நம்மை எட்டிப் பார்க்கப் போவதில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி நீங்கள் திரும்பி, "லாத்தா, பெல்ட் போடுங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நானே மாட்டிக்கொள்வேன், யாரும் உதவிக்கு வரக் கூடாது. இடது கைக்கட்டு பிரித்தும் விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை, நேரம் ஆகும். அதுவரை வண்டியை நகர்த்தாமல் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு இருங்கள்.

அமீருன்னிசா